லூசியன் கரோன் நன்றாக இருக்கிறார்

லூசியன் கரோனை நான் குழியில் தள்ளிவிட்ட அன்று ஆறு பேர் எனக்குக் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையைச் சாய்த்து அதை வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் ரோலண்ட் மிஷோ. ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம், அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமை சார்ஜண்ட். இப்போது அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், லூயிஸ்டன் என்னும் ஊரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், பழைய படைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய இரண்டாம் தளத்தில், பன்னிரண்டாம் எண் அறை. இந்தத் தளத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம். எட்டுப் பேருக்கும் சேர்த்து உருப்படியான முழங்கால் ஐந்து தேறினால் அதிகம். ஆனாலும் எல்லோரும் என்னை சார்ஜண்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

லூசியன் பக்கத்து அறை. அவனைக் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடம் வியட்நாமில் முதுகில் ரேடியோவைக் கட்டி நடக்க விட்டார்கள். திரும்பி வந்து முப்பத்தொரு வருடம் செருப்பு ஆலையில் அடிப்பாகம் ஒட்டினான். ஆலையை ஒரு வெள்ளிக்கிழமை மூடிவிட்டு முதலாளிகள் மெஷின்களோடு கிளம்பினார்கள். பிறகு மனைவி ஜானீன் செத்துப்போனாள். பிறகு பார்க்கின்சன் வந்தது. வீட்டை விற்று இந்த இல்லத்துக்கு வந்தான். நான்கு வருடத்தில் இல்லம் அந்த வீட்டைக் கூரை, கதவு, ஜன்னல் என்று மொத்தமாக விழுங்கிவிட்டது. இந்த மார்ச்சோடு சரி, அதற்கு மேல் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

அரசாங்கத்திடம் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. வருமானம் குறைந்த பழைய படைவீரன் பராமரிப்பு இல்லத்தில் இருந்தால் அறை வாடகையில் பெரும்பகுதியை அதுவே கட்டும். வருமானம் குறைவு என்பதில் லூசியனை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. படைவீரன் என்பதற்குக் காகிதம் இருக்கிறது. மிச்சம் ஒன்றே ஒன்று. அரசு நர்ஸ் நேரில் வந்து பார்த்து, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, சாப்பிடுவது, கழிப்பறை போவது ஆகிய ஐந்தில் மூன்றையாவது இவனால் தனியாகச் செய்ய முடியாது என்று எழுத வேண்டும். லூசியனால் ஒன்றைக்கூட முழுசாகச் செய்ய முடியாது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பார்கள். நான் மட்டும் நடுவில் புகாமல் இருந்திருந்தால்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் திருமதி ஸ்ப்ராக் என்னும் நர்ஸ் மாநிலத் தலைநகர் ஆகஸ்டாவிலிருந்து வந்து லூசியனை அவன் அறையிலேயே பார்ப்பாராம். மூளை உள்ள எவனும் ஆளை இருக்கிறபடி விட்டிருப்பான். நானோ ஒன்பது வருடம் படைவீடுகளில் கட்டில் கட்டிலாகக் குனிந்து பார்த்தவன். மேலிடத்திலிருந்து ஒருவர் அறையைப் பார்க்க வருகிறார் என்றால் என் ரத்தத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். தூசி இருக்கக் கூடாது, சுருக்கம் இருக்கக் கூடாது, ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

மூன்று நாள் வேலை நடந்தது. எங்கள் தளத்து டூபே கப்பற்படைக்காரன். தரைப்படைக்காரன் ஷூவைத் தொடமாட்டேன் என்று ஐம்பது வருடமாகச் சொல்லி வருபவன். அவனே உட்கார்ந்து எச்சில் துப்பித் துப்பி லூசியனின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டான். இன்னொருவன் ஜன்னலைத் துடைத்தான். நான் மெத்தை மேலிருந்த ரப்பர் விரிப்பை உருவியெறிந்துவிட்டு வெள்ளை விரிப்பை இழுத்துக் கட்டி, படைவீட்டு வழக்கப்படி அதன் மேல் காசைச் சுண்டிப் பார்த்தேன். துள்ளியது. அந்த ரப்பர் விரிப்பு, டயப்பர் பொட்டலம், வாக்கர், குளியல் நாற்காலி நான்கையும் என் அறைக்குக் கடத்தி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அறையில் அசிங்கமாக எதுவும் இருக்கக் கூடாதல்லவா.

கடைசியாக ஹோதனிடம் போனேன். ஹோதன் எங்கள் தளத்துப் பணிப்பெண். சோமாலியாக்காரி. லூசியனைக் குளிப்பாட்டுவது, பொத்தான் போடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவள்தான்.

"அவன் மாத்திரைய எட்டு மணிக்குத்தானே குடுப்ப? செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்பதேகாலுக்குக் குடு. முக்கா மணி நேரம் ஆகும் அது வேலை செய்ய. பத்து மணிக்கு ஆளு கம்பமா நிக்கணும்" என்றேன்.

"சார்ஜண்ட், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? அவரு கம்பமா நின்னா அந்தம்மா எதுக்குங்க உதவி எழுதிக் குடுக்கணும்?"

"நீ ராணுவத்துல இருந்திருக்கியாம்மா?"

"இல்லீங்க. அகதி முகாம்ல இருந்திருக்கேன். கென்யாவுல, பதினோரு வருஷம்."

"அது வேற."

"வேறதான். அங்க ரேஷன் கார்டு பாக்க ஆளுங்க வர்ற அன்னிக்கு எங்கம்மா கம்மலக் கழட்டி மாவுப் பானைக்குள்ள போட்டுருவாங்க. இருக்கற நல்ல துணியச் சுருட்டி வெச்சுட்டுக் கிழிஞ்சதக் கட்டிப்போம். நீங்க என்னடான்னா ஷூவுக்குப் பாலிஷ் போடறீங்க."

"இது அமெரிக்கா. இங்க மரியாதையா நிக்கறவனுக்குத்தான் மரியாதை" என்றேன்.

பதினோரு வருடம் அரசாங்க வரிசையில் நின்றவளுக்கு நான் அரசாங்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்தேன். என்னைப் போன்ற மேதாவிகளுக்குத் தனியாக ஒரு பதக்கம் அடித்துக் கொடுக்கலாம். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். மாத்திரையை ஒன்பதேகாலுக்குக் கொடுத்தாள்.

திருமதி ஸ்ப்ராக் நல்ல பெண்மணி. அதையும் சொல்லிவிட வேண்டும். கெட்டவளாக இருந்திருந்தால் பழியைப் போட வசதியாக இருந்திருக்கும். ஐம்பது வயதிருக்கும், பனி பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள். கையில் ஒரு டேப்லெட். லூசியன் கட்டில் அருகே நின்றான். மழமழவென்று ஷேவ், சட்டை மேல் பொத்தான் வரை மூடியிருந்தது, கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தான். அப்படிக் கோத்தால் நடுக்கம் தெரியாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"குளிக்கறதுக்கு யாராவது உதவி பண்றாங்களா, மிஸ்டர் கரோன்?"

"தேவையில்ல மேடம்."

"சட்டை, பேண்ட் எல்லாம்?"

"நானே போட்டுப்பேன் மேடம்."

"இந்த ஆறு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல மேடம்."

நான்கு முறை விழுந்திருந்தான். ஒரு முறை கழிப்பறையில் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஹோதனும் நானும் சேர்ந்து உருவி எடுத்தோம். ஆனால் எங்கள் ஜாதியே அப்படித்தான். அதிகாரம் உள்ள ஒருவர் எதிரே நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், கழுத்தில் அம்பு குத்தியிருந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்பதுதான் பதில். வேறு பதிலை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொன்னவனை நானே பத்துப் பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன்.

கதவு வரை நடந்து காட்டச் சொன்னாள். நடந்தான். நடந்தானா, அணிவகுத்தான். வாசலில் கூடியிருந்த எங்கள் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. திரும்பும்போது ஒரு கணம் தடுமாறினான், சமாளித்துவிட்டான். ஒரு பொத்தானைக் கழற்றிப் போடச் சொன்னாள். அந்தப் பொத்தானோடு அவன் அரை நிமிடம் மல்லுக்கட்டினான். நெற்றியில் வேர்த்துவிட்டது. போட்டுவிட்டான்.

"பிரமாதம்!" என்றாள் திருமதி ஸ்ப்ராக். "உங்கள மாதிரி ஒருத்தரப் பாத்தா மனசுக்கு நிறைவா இருக்கு. நாட்டுக்காக நீங்க செஞ்ச சேவைக்கு ரொம்ப நன்றி."

இந்த நன்றியைப் பற்றி ஒரு வார்த்தை. காபிக் கடையில் சொல்வார்கள், பேங்க்கில் சொல்வார்கள், பல் பிடுங்குகிறவர் ஊசியை எடுத்துக்கொண்டே சொல்வார். செலவே இல்லாத சாமான் என்பதால் தாராளமாக அள்ளி விடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது காய்த்துப்போய்விட்டது. அன்றைக்கு மட்டும் அது என் சொந்தப் பிள்ளையை யாரோ பாராட்டிய மாதிரி இனித்தது. அவள் போனதும் டூபே ஆரம்பித்து வைத்தான், ஆறு பேரும் கைதட்டினார்கள். லூசியன் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தான். பத்து நிமிடத்தில் உட்கார்ந்தபடியே நனைத்துவிட்டான். ரப்பர் விரிப்புதான் என் அலமாரிக்குப் பின்னால் இருந்ததே.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்களாம். திரு. லூசியன் கரோன் நன்றாக இருக்கிறார், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார், பராமரிப்பு இல்லத்தில் அவர் தங்க வேண்டிய அவசியம் காணப்படவில்லை, ஆகவே இந்த உதவிக்கு அவர் தகுதி பெறவில்லை. அவர் தனியாக வாழ ஏற்ற வீடுகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. முதல் வீடு ஒரு பழைய மரக் கட்டடத்தில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஜன்னலிலிருந்து ஆறு தெரியும் என்று எழுதியிருந்தார்கள். படியில் உருண்டு கீழே வரும்போது பார்த்துக்கொண்டே வரலாம்.

நான் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் லூசியன் அதை வாங்கி, நடுங்கும் கையால் நான்காக மடித்து, சட்டைப் பையில் வைக்கப் பார்த்தான். மூன்று முறை பை தப்பிப்போனது.

"பரவால்ல சார்ஜண்ட். நான் பாத்துக்கறேன்" என்றான்.

"என்னத்தடா பாத்துக்குவ? சட்டைப் பையையே உன்னால பாத்துக்க முடியல!"

"மாடிதானே. மெதுவா ஏறுவேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். இப்படி வலியை மறைப்பது அவனுக்குப் புதிதல்ல. அறுபத்தொன்பதாம் வருடம் வியட்நாமில் தொடையில் உலோகத் துண்டு பாய்ந்தபோதும் இதே கதைதான். கூட இருந்தவர்களுக்குப் பெரிய அடி என்பதால், லெப்டினண்ட் கேட்டதற்கு ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டு, பேண்ட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்திருக்கிறான். அதனால் அந்தக் காயம் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. காகிதத்தில் இல்லாத காயத்துக்கு ஓய்வூதியம் இல்லை. தழும்பைக் காட்டினால் செருப்பு ஆலையில் வாங்கியதாக இருக்கலாம் என்று ஒரு அதிகாரி சொன்னாராம். இவன் அதற்கும் சரி சார் என்றுவிட்டு வந்தவன்.

மேனேஜர் டோரிஸ் மேல்முறையீடு போட்டாள். பத்து நாளில் மறுபடி நர்ஸ் வருவார், அதுவும் தவறினால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றாள். இல்லத்தின் தினசரிக் குறிப்பேட்டையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு வருடத்தில் லூசியன் ஒரு முறைகூட விழவில்லை, ஒரு நாள்கூடப் படுக்கையை நனைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் 'நலம்', 'நலம்', 'நலம்'. எழுதியவள் ஹோதன்.

"இது என்னம்மா அநியாயம்? புத்தி இருக்கா உனக்கு?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"அவரு கெஞ்சினாருங்க. எழுதாத ஹோதன், நாளைக்கு யாராச்சும் படிப்பாங்கன்னாரு. கண்ணுல தண்ணியோட கேக்கற மனுஷன்கிட்ட எப்படிங்க முடியாதுங்கறது?" என்றவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க வாக்கர ஒளிச்சு வெச்சீங்க, நான் எழுத்த ஒளிச்சு வெச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து நல்லதுதான் பண்ணியிருக்கோம் அவருக்கு. என்னை மட்டும் எதுக்குக் கத்தறீங்க?"

நான் குறிப்பேட்டை மூடிவைத்தேன். அன்றே அவள் கடைக்குப் போய் எட்டுக் கெட்டி அட்டை நோட்டுகள் வாங்கி வந்தாள். லூசியன் பெயர் போட்ட நோட்டில் அன்று முதல் உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஆனால் பத்து நாள் எழுத்து நான்கு வருட நலத்தை என்ன செய்துவிடும்?

இந்த முறை தலைமை ஹோதனுக்கு. நான் அவளுக்குக் கீழே சிப்பாய். ஷேவ் வேண்டாம், மாத்திரை நர்ஸ் போன பிறகுதான், வாக்கர் கட்டில் பக்கத்தில், டயப்பர் மேஜை மேல். மாத்திரையைத் தள்ளிப்போட டோரிஸ் டாக்டரிடம் அனுமதி வாங்கினாள். எல்லாம் சரி, லூசியன்தான் வழிக்கு வரவில்லை.

"எனக்கு நடிக்க வராது" என்றான்.

"எவன்டா உன்னை நடிக்கச் சொன்னான்? போன தடவதான் நடிச்ச. இப்ப சும்மா இருந்தாப் போதும்."

"அந்தம்மா முன்னாடி நனைச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"நனைச்சா நனை!"

"சார்ஜண்ட், உங்ககிட்ட யாராச்சும் அப்படிச் சொன்னா நீங்க செய்வீங்களா?"

நான் சத்தமாக ஏதோ திட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். செய்வேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடியும் பத்து மணி. மறுபடியும் திருமதி ஸ்ப்ராக்கே வந்தாள். வேறு ஆளைத்தான் அனுப்ப வேண்டுமாம், ஆனால் ஆள் பற்றாக்குறையாம். நாட்டுக்குச் செய்த சேவைக்கு நன்றி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நாட்டில் நர்ஸ் மட்டும் ஒருத்தி. கேள்விக்கு மிஸ்டர் கரோன் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அவருக்காகப் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஹோதன் சுவரோரம் நின்றாள். நான் வாசலில் நின்றேன்.

மாத்திரை இல்லாத லூசியனை நானே அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. நாற்காலியில் ஆணி அடித்துப் பொருத்திய மாதிரி இருந்தான். முகத்தில் அசைவில்லை. தாடை ஓரம் எச்சில் இறங்கியிருந்தது. சட்டையில் காலைக் கஞ்சி காய்ந்திருந்தது. கை மட்டும் தனியாக ஒரு ஜந்து மாதிரித் தொடையில் துடித்துக்கொண்டிருந்தது.

"போன தடவ நல்லா இருந்தீங்களே மிஸ்டர் கரோன். இன்னிக்கு உடம்புக்கு என்ன?"

"நல்லா... இருக்கேன்... மேடம்."

"டிரஸ் நீங்களே போட்டுக்கறீங்களா?"

"ஆமா... மேடம்."

"விழறது எல்லாம்?"

"இல்ல... மேடம்."

ஹோதன் கூரையைப் பார்த்தாள். திருமதி ஸ்ப்ராக் அவன் சட்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அவளுக்கும் புரியாமல் இல்லை. ஆனால் டேப்லெட்டில் இருப்பது ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவன் வாய் திறந்து இல்லை என்று சொல்லும்போது அவள் வேறு எதைத் தொடுவாள்? அவள் விரல் இறங்கியது. மூன்றாம் மாடியும் ஆறும் என் கண் முன்னால் வந்தன.

அவனுக்காகப் பேசக் கூடாது என்றுதானே சொன்னாள். கட்டளை போடக் கூடாது என்று சொல்லவில்லை.

"சிப்பாய் கரோன்!"

இருபது வருடமாக வெளியே எடுக்காத குரல். தாழ்வாரக் கடைசியில் டூபே எதையோ கீழே போட்டான். லூசியனின் கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

"ரேடியோவ எடு! அடிபட்ட ஆள் ஒருத்தன். பேரு கரோன். நிலைமையச் சொல்லு! இருக்கறத இருக்கறபடி சொல்லு!"

"ப்ளீஸ், நீங்க..." என்று திருமதி ஸ்ப்ராக் எழுந்தாள். ஹோதன் அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். ஒரு பணிப்பெண் அரசு ஊழியரைத் தொட்டு உட்கார வைத்தது அந்தக் கட்டடத்தில் அதுதான் முதல் முறையாக இருக்கும்.

 பிறகு லூசியனின் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. அவன் பேசினான். திக்கல் இருந்தது, ஆனால் அது வேறு குரல். காட்டுக்குள்ளிருந்து யாருக்கோ நிதானமாகச் செய்தி சொல்லும் பையனின் குரல்.

"அடிபட்டவர்... ஒருத்தர். கரோன். விழுந்தது... நாலு தடவ. ஒரு தடவ... தலையில அடி. பொத்தான் போட முடியல. ஸ்பூன்... வாய்க்குப் போகல. குளிக்க வைக்கறது... அந்தப் பொண்ணு. படுக்கைய நனைக்கறாரு... வாரத்துல அஞ்சு நாள். மாத்தறதும்... அந்தப் பொண்ணு. தனியா விட்டா... தாங்க மாட்டாரு. உதவி தேவை. ஓவர்."

திருமதி ஸ்ப்ராக் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

அவன் காத்திருந்தான். எதிர்முனையில் ஓவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தான் போல.

"நாலு வருஷமா. ஓவர்."

இந்த முறை அவள் நன்றி சொல்லவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். யாரும் கைதட்டவும் இல்லை. நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் விட்டதன் லட்சணத்தைத்தான் பார்த்தாயிற்றே.

உதவி கிடைத்தது. ஒரு வருடத்துக்கு. அடுத்த மார்ச்சில் மறுபடி பார்ப்பார்களாம், நிலைமையில் முன்னேற்றம் இருந்தால் தெரிவிக்க வேண்டுமாம். பார்க்கின்சனில் முன்னேற்றம்! லூசியன் ஒரு நாள் காலையில் குதித்து எழுந்து பனிச்சறுக்கு விளையாடப் போய்விடுவான் என்று ஆகஸ்டாவில் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்றால் தெருவுக்கு அனுப்புவார்கள். நாசமாகப் போய்விட்டேன் என்று வாயால் சொன்னால் கூரை கொடுப்பார்கள். கூரையைக் கொடுத்துவிட்டு, அடியில் இருக்கும் ஆளிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பதினோரு நாள் லூசியன் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமைதோறும் எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு வரும் பீன்ஸுக்குக்கூடச் சாப்பாட்டு அறைக்கு வரவில்லை. ஷேவ் செய்ய ஹோதன் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைவிட மோசம், படுக்கை. நடுங்கும் கையோடு, கோணலோ மாணலோ, தினமும் காலையில் அவனே விரிப்பை இழுத்துவிடுவான். அரை மணி நேரம் ஆகும். நர்ஸ் வந்த முதல் தடவை தவிர யாரையும் தொடவிட்டதில்லை. அதை நிறுத்திவிட்டான். விரிப்பு தரையில் கிடந்தது, அதைத் தாண்டிக்கொண்டு நடந்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை ஹோதன் அவனைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனதும் நான் உள்ளே நுழைந்தேன். ரப்பர் விரிப்பைச் சரி செய்து, மேலே வெள்ளை விரிப்பை இழுத்து, மூலைகளை மடித்துக் கட்டினேன். குனியும்போது முதுகில் பளீரென்று வெட்டியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு மறு மூலையையும் கட்டிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாள் காலை நான் தாழ்வாரத்தில் நின்றிருந்தபோது டூபே லூசியனின் அறையை எட்டிப் பார்த்தான்.

"யாருடா இப்படிக் கட்டினது? காசு போட்டா துள்ளும் போல இருக்கே!"

லூசியன் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான்" என்றான்.

"உன் கையாலயா? காது குத்தாத."

"நானேதான். காலையில சீக்கிரம் எந்திரிச்சுப் போட்டேன். வேணும்னா சார்ஜண்டக் கேளு."

"ஆமா, இவன்தான் போட்டான். நான் பாத்தேன்" என்றேன்.

குளிப்பாட்டிக் கூட்டி வந்திருந்த ஹோதன் அவனுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். மாலையில் அவனுடைய நோட்டில் படுக்கை விரிக்க முடியவில்லை, மற்றவர் உதவி என்று எழுதினாள். நான் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மனசுக்குள் அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தேன். அன்று லூசியன் ஷேவுக்கு முகத்தைக் கொடுத்தான்.

இந்த ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது. அரசாங்கத்துக்கு உண்மை, எங்களுக்கு அவன் பொய். ஆகஸ்டாவில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இன்று காலை மூலையைக் கட்டிவிட்டு நிமிரப் பார்த்தேன், நிமிர முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தேன், பிடி நழுவி ஒரு முழங்கால் தரையில் பட்டது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது. திரும்பினால் ஹோதன் வாசலில் நிற்கிறாள்.

"விழுந்துட்டீங்களா சார்ஜண்ட்?"

"சீச்சீ. பொத்தான் ஏதோ கிடந்துது, எடுத்தேன்."

"முதுகு வலி எப்படி இருக்கு?"

"முதுகா? அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

 அவள் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கெட்டி அட்டை நோட்டை எடுத்து, மணியைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். அட்டையில் என் பெயர் இருந்தது. பாதி நோட்டு ஏற்கெனவே எழுதியாகியிருந்தது.